ஒரே மழை, இரு இல்லங்கள்

சேத்தியாத்தோப்பில் சென்னைப் பேருந்துக்காகப் பெட்டியுடன் காத்து நிற்கும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம், நம் கடலூர் மண்ணில் 1934-ஆம் ஆண்டு பிறந்த ஜெயகாந்தன் நம் நினைவுக்கு வருகிறார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுச் சிறுவயதிலேயே சென்னை சேர்ந்தவர் அவர். நகரம் ஒரு மனிதனை எவ்வாறு உருவாக்குகிறது, எவ்வாறு உருக்குலைக்கிறது என்பதை வாழ்ந்து கண்டே எழுதினார்.

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை நம்மில் பலர் அறிவோம். மழையில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத செல்வந்த இளைஞனின் காரில் ஏறுகிறாள், கெடுகிறாள், அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவள் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். பாவத்தை நியாயப்படுத்தும் கதை என்று அன்று பலர் கொதித்தெழுந்தனர்.

அக்கேள்விக்கு விடைபோலப் பின்னர் வந்தது, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். நிகழ்ச்சி அதுவே, தாய் மட்டும் வேறு. இவள் வாய்விட்டு அலறுகிறாள். ஊர் அறிகிறது; அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா மாமாவின் ஆதரவில் படித்து உயர்ந்த பதவியும் பெறுகிறாள். ஆயினும் அன்றிரவு வீட்டார் சூட்டிய பெயரிலிருந்து அவளுக்கு விடுதலை இல்லை. அவளைக் கெடுத்த பிரபுவோ, பணமும் செல்லமும் பொறுப்பறியாதவனாக வளர்த்த பிள்ளை. இருவரையும் ஆக்கியதில் வீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் மனிதன் சூழலின் கைப்பாவைதானா? இல்லை என்பதே நம் நம்பிக்கை. ஆயினும், பிறப்பு முதல் சூழ்ந்திருக்கும் சமூக நிலைமைகள் மனிதரை நன்மையிலிருந்து விலக்கித் தீமைக்குத் தூண்டுவதுண்டு என்பதை, 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் 1965-ஆம் ஆண்டுச் சங்க ஏடு தயங்காமல் ஏற்கிறது. விருப்புரிமை உண்மை, அதை நசுக்கும் சுமையும் உண்மை. சிறுகதையின் தாய் குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்லவில்லை என்பதற்கு அவள் அடித்த அடியே சான்று. அந்தக் குற்றம் மகளின் பெயராகிவிடாமல் அவள் காத்தாள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் ஆண்டவர் காட்டிய பரிவும் அத்தகையதன்றோ?

நாவலில் ஒரு குறையும் நமக்குத் தென்படுகிறது. வீட்டுக்கு வெளியே கங்காவுக்கு ஒரு சமூகமே இல்லை. வம்பு பேசும் ஊர் உண்டு. கதவு திறக்கும் ஊர் இல்லை. இது ஆசிரியரின் குறையா, அவர் கண்ட ஊரின் குறையா என்று கேட்டால், நாம்தான் தலைகுனிய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் குடிக்கு அடிமையாகி வேலையிழந்து திரும்பிய ஓர் இளைஞனை அவன் தந்தை வாசலிலேயே நிறுத்தினார். நம்மிடம் ஆலோசனை கேட்டார். "முதலில் திருந்தட்டும், பிறகு வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றோம். அவன் அன்றிரவே பேருந்து ஏறினான். இன்றுவரை ஊருக்குத் திரும்பவில்லை. நாவலின் அண்ணனைப் படிக்கும்போதெல்லாம் நம் குரலே நமக்குக் கேட்கிறது.

பிள்ளைகளை நகரத்திற்கு அனுப்பாதிருக்க இன்று நம்மால் இயலாது. அவர்கள் நனைந்து திரும்பும் இரவில் எந்தத் தாயாக வாசலில் நிற்கப் போகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.