கல்வாயிலும் கூரையற்ற மண்டபமும்: சுவான்சௌப் பள்ளிவாசல் பற்றிய சில சிந்தனைகள்

தென்கிழக்குச் சீனாவின் துறைமுக நகரான சுவான்சௌவிலுள்ள அஸ்ஹாப் பள்ளிவாசலை ஆராய்வோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றினை மேற்கொள்வர். ஒரு சாரார் அதனைச் சீன மண்ணில் மாற்றமின்றி நாட்டப்பட்ட மேற்காசியக் கலைவடிவமாகக் கொள்வர். மறுசாரார் பண்பாடுகளின் இணக்கத்துக்குச் சான்றாகக் கொள்வர். 2021இல் சுவான்சௌவின் சின்னங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டதோடு பின்னைய கருத்து மேலும் வலுப்பெற்றுள்ளது. கட்டடத்தை அதனை உருவாக்கிய சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குவதே இரண்டுக்கும் பொதுவான குறைபாடாகும்.

கட்டடம் சிறியது. கூர்முனை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த உயர்ந்த கல்வாயில். அதன் மேற்கே, கூரையற்று நிற்கும் தொழுகை மண்டபத்தின் கருங்கற் சுவர்கள். மேற்குச் சுவரின் மாடங்களில் அறபு எழுத்தில் திருமறை வசனங்கள். வாயிலிலுள்ள அறபுக் கல்வெட்டு, இப்பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல் (1009-1010) நிறுவப்பட்டதையும், ஹிஜ்ரி 710இல் (1310-1311) ஷீராஸ் நகரத்தவரான அஹ்மத் என்பவர் அதனைப் புதுப்பித்ததையும் கூறுகின்றது. இங்குள்ள சீனக் கல்வெட்டோ 1131இல் நிறுவப்பட்ட சிங்ஜிங் பள்ளிவாசலைக் குறிப்பிடுகின்றது. இவை இருவேறு பள்ளிவாசல்கள் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அவ்வாறாயின், ஒரு நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்களை எழுப்பும் வலிமை அக்கால வணிக மூலதனத்துக்கு இருந்தமை தெளிவாகும். வாயிலின் உயரம் பக்தியை மட்டுமன்றி, யுவான் ஆட்சியில் அயல்நாட்டு வணிகர் பெற்றிருந்த சலுகை நிலையையும் புலப்படுத்துகின்றது.

அந்நிலை நீடிக்கவில்லை. 1357 முதல் 1366 வரை நிகழ்ந்த இஸ்பா கிளர்ச்சியும், அதன் முடிவில் அயல்நாட்டவர் கொல்லப்பட்டமையும் அதனைச் சிதைத்தன. 1371இல் மிங் அரசு தனியார் கடல்வணிகத்தைத் தடைசெய்தது. முஸ்லிம்களைத் துன்புறுத்தலாகாதென விதிக்கும், 1407ஆம் ஆண்டுக்குரிய யொங்லே பேரரசரின் ஆணை இப்பள்ளிவாசலிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பாணை தேவைப்பட்ட இடத்தில் இணக்கம் இயல்பாகவே நிலவியதெனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும், பொருளாதார அடித்தளம் மாறியதும் மேற்கட்டுமானமும் உடன் மறைந்துவிடும் எனும் கொச்சையான விளக்கமும் இங்கு போதாது. இதே நகரில் 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. அக்கோயில் இன்றில்லை, அதற்குரியனவாகக் கருதப்படும் சிற்பத் தூண்கள் கையுவான் பௌத்த ஆலயத்தில் இடம்பெற்றுள்ளன. இரு வழிபாட்டிடங்களும் ஒரே கடல்வணிகத்தின் விளைவுகள். ஒன்று அழிந்தது, மற்றையது குறையுற்றேனும் எஞ்சியது. ஏன்?

விடையைக் கூரையற்ற மண்டபத்தின் அருகிலேயே காணலாம். அங்குள்ள சிறிய மிங்ஷான் தொழுகைக் கூடம் உள்ளூர் முற்றவீட்டின் அமைப்புடையது. அதனைப் பயன்படுத்தியோர் கப்பலை எதிர்நோக்கியிருந்த வணிகரல்லர்; அந்நகரின் தெருக்களில் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் மக்கள். தமிழ்க் கோயிலுக்கு அத்தகைய நிலைத்த குடிகள் வாய்க்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

கல்வாயிலைக் கண்டு வியப்பதோடு எமது ஆய்வு நின்றுவிடலாகாது. மூலதனம் கட்டியதை மக்கள் எவ்வாறு தமதாக்கிக் காத்தனர் என்பதே கலை வரலாற்றின் மையமான வினா. அதற்கான சான்று, பெரிய வாயிலைவிட அச்சிறிய கூடத்திலேயே உள்ளது.