பேய்க்கணவாயும் முத்துக்குளிகாரனும்

எங்கள் பாடசாலை நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த புத்தகக் கட்டு ஒன்றில் ஜூல் வேர்ணின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலின் சுருக்கத் தமிழ்ப்பதிப்பும் இருந்தது. அட்டையில் ஒரு இராட்சதப் பேய்க்கணவாய் கப்பலொன்றைக் கட்டிப் பிடித்திருந்தது. இரண்டு வாரங்களில் அப்புத்தகம் எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் கைகளில் சுற்றித் தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தைத் திறக்கவே தயங்கும் பையன்கள்கூட இடைவேளையில் மதிலோரம் குந்தியிருந்து, ஒருவன் வாசிக்க நால்வர் கேட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட இலக்கிய நண்பர் ஒருவர், "பூதக் கதையைப் படித்து என்ன பயன்? நல்ல இலக்கியம் கொடுக்கலாமே" என்றார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் நாம் நல்ல இலக்கியம் என்று சொல்லும் நூல்கள் அதே அலுமாரியில் தூசி படிந்து கிடக்க, இந்த ஒன்று மட்டும் ஏன் கிழிந்தது என்பதையும் விமர்சகன் கேட்க வேண்டும். வாசக ஆர்வத்தை இகழ்வது இலகு. அது எதைப் பிடித்துக்கொண்டது, எதைத் தவறவிட்டது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலில் வாழும் பெரியதொன்றைப் பற்றிய வியப்பும் அச்சமும் நமக்கு மேற்கிலிருந்து வந்தவையல்ல. யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீன் வயிற்றின் இருளில் இருந்து இறைஞ்சியதை நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படை உணவின்றித் தவித்தபோது, குன்று போன்ற 'அன்பர்' மீன் கரையொதுங்கியதையும், அதன் விலா எலும்பை நட்டு அதற்குக் கீழே ஒட்டகத்தை நடத்திச் சென்றதையும் ஸஹீஹான ஹதீஸ்கள் சொல்கின்றன. இவற்றை நான் கதை என்ற வரிசையில் வைக்கவில்லை. ஆனால் இவற்றில் வரும் பெரிய மீன் மனிதன் கொன்று வெற்றி கொள்ளும் எதிரி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் அது இறை கட்டளைக்குப் பணிந்தது. மற்றதில் அது பசித்தவருக்கு வந்த ரிஸ்க்.

பயணி இப்னு பதூதாவையும் இங்கு நினைக்கலாம். 1344இல் அவர் வந்திறங்கிய 'பத்தாலா' நமது புத்தளம்தான். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டியதையும் எழுதியிருக்கிறார். அவரே மாலைதீவைப் பற்றிச் சொல்லும்போது, மாதம் ஒரு முறை கடலிலிருந்து விளக்குகள் நிறைந்த கப்பல் போல வந்த 'இப்ரீத்' ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதற்குக் கன்னிப் பெண்ணைப் பலி வைத்தார்களாம். அபுல் பரகாத் என்ற மக்ரிபி அந்தப் பெண்ணுக்குப் பதிலாகத் தான் போயிருந்து இரவெல்லாம் குர்ஆன் ஓத, அது திரும்பிப் போனதாம். தீவு இஸ்லாத்தைத் தழுவியது அப்படித்தான் என்று அங்குள்ளோர் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். அந்த ஒளிக் கப்பலைத் தாமும் ஓர் இரவு பார்த்ததாகவும் எழுதுகிறார். கடற்பூதக் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது? ஆறு நூற்றாண்டுகளாக நம் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கும் இந்தக் கருவை எடுத்து நம்மில் எத்தனை பேர் சிறுவர் நாவல் எழுதியிருக்கிறோம்? அந்த வெற்றிடத்தில்தான் வேர்ண் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இனி நாவலுக்கு வருவோம். 1869 முதல் 1870 வரை பிரெஞ்சுச் சஞ்சிகையொன்றில் தொடராக வந்த நூல் இது. 1866இல் கப்பல்களை மோதித் திரியும் ஏதோவொரு பெரும் பிராணியைப் பற்றிய வதந்தியோடு கதை தொடங்குகிறது. அதை வேட்டையாடப் பேராசிரியர் அரோனக்ஸ், அவரது உதவியாளன் கொன்செய், ஈட்டி எறிபவன் நெட் லாண்ட் ஆகியோர் போகிறார்கள். கடலில் விழுந்த அவர்கள் அந்தப் 'பிராணியின்' முதுகில் ஏறிப் பார்த்தால் அது இரும்பு. நொட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல். தலைவர் கப்டன் நீமோ.

இந்த இடம்தான் நாவலின் உயிர்நாடி என்பது என் கருத்து. பூதம் என்று உலகம் அஞ்சியது மனிதன் செய்த பொருளாக இருக்கிறது. அதற்குள் இருப்பவனோ அநீதி இழைக்கப்பட்ட ஒரு மனிதன். சாதாரண மர்ம நாவல் பூதத்தைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்கும். வேர்ண் அதைத் தொடக்கத்திலேயே உடைத்துவிட்டு, இந்த மனிதன் ஏன் இப்படி ஆனான் என்ற கேள்வியை எஞ்சிய பக்கங்களுக்கெல்லாம் நீட்டுகிறார். நம் பிள்ளைகள் பேய்க்கணவாய்க்காகப் புத்தகத்தை எடுத்தார்கள். கீழே வைக்கும்போது அவர்கள் பேசியது நீமோவைப் பற்றி. நண்பர் 'பூதக் கதை' என்று ஒதுக்கியதில் இந்த அளவு சரக்கு இருக்கிறது.

நீமோ யார் என்பதற்கான விடை 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில் வருகிறது. முதலில் அவனை ரஷ்யாவுக்கு எதிராகப் பழி தீர்க்கும் போலந்துக்காரனாக்கவே வேர்ண் எண்ணியிருந்தார். பதிப்பாளர் ஹெட்செல் அதற்கு இணங்கவில்லை. பின்னைய நாவலில் அவன் இந்திய இளவரசன் டக்கார் ஆகிறான். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று குடும்பத்தை இழந்தவன். வேர்ண் அவனைப் புந்தேல்கண்ட் அரசரின் மகன் என்றும் திப்பு சுல்தானின் மருமகன் முறையானவன் என்றும் சொல்கிறார். திப்புவின் பெயரைக் கண்டதும் நமக்கு உள்ளம் குளிர்கிறது. ஆனால் 1799இல் ஷஹீதான மைசூர் சுல்தானுக்கும் புந்தேல்கண்ட் அரச குடும்பத்துக்கும் இப்படியொரு உறவைப் பொருத்துவது வரலாற்றோடு ஒட்டவில்லை. தூரத்திலிருந்து கேட்ட பெரிய பெயர்களை வேர்ண் ஒரு சரத்தில் கோத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். நம்மவர் பெயர் வருகிறது என்பதற்காக விமர்சனக் கண்ணை மூடிவிடக் கூடாது.

நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி ஒன்று இந்நாவலில் உண்டு. இரண்டாம் பாகத்தின் தொடக்க அத்தியாயங்கள் மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளில் நடக்கின்றன. நீமோ தன் விருந்தினரை அழைத்துக்கொண்டு கடலடியில் நடந்து போகிறான். பருவம் தொடங்குமுன்னரே தனியே வந்து, காலில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி ஏறும் ஓர் ஏழை முத்துக்குளிகாரனைக் காண்கிறார்கள். சுறா ஒன்று அவன்மேல் பாய்கிறது. நீமோ கையில் கத்தியோடு குறுக்கே போய் விழுகிறான். நெட் லாண்டின் ஈட்டி சுறாவைக் கொல்கிறது. மயங்கிய மனிதனைத் தோணிக்குக் கொண்டுபோய்த் தெளிவித்து, நீமோ அவன் கையில் முத்துப்பை ஒன்றைக் கொடுத்துச் செல்கிறான். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டபோது, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டவன், நானும் அவர்களில் ஒருவனே என்ற பொருளில் பதில் சொல்கிறான். மனித குலத்தை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டவனின் நெஞ்சு திறப்பது நமது கடலில்தான்.

எங்கள் பாடசாலைக்கு வந்த சுருக்கப் பதிப்பில் இந்த அத்தியாயங்கள் இல்லை! பேய்க்கணவாய்ச் சண்டை முழுதாக இருக்கிறது. மன்னார் நீக்கப்பட்டிருக்கிறது. இது வெறும் பக்கக் குறைப்பு அல்ல. பேய்க்கணவாய்ச் சண்டையில் நெட் லாண்ட் சாகவிருக்கும் வேளையில் நீமோ பாய்ந்து அவனைக் காப்பாற்றுகிறான். மன்னாரில் பட்ட கடனை அங்கே தீர்க்கிறான். ஒரு காட்சி மற்றதற்கு விடை. மன்னாரை வெட்டியவர் பிள்ளைகள் அதிகம் இரசித்த காட்சியின் பாதி அர்த்தத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார். விறுவிறுப்பு இருந்தால் போதும் என்று கருதிச் சுருக்கும்போது விறுவிறுப்புக்கும் சேதம் வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆகவே ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயங்களை நானே தமிழில் வகுப்பில் சொன்னேன். அப்போது மூலத்தின் குறைகளும் தெரிந்தன. வேர்ண் இலங்கைக்கு வந்தவரல்லர். நொட்டிலஸின் நூலகத்தில் சேர் என்பவர் இலங்கை பற்றி எழுதிய நூலை அரோனக்ஸ் எடுத்து வாசிப்பதாக நாவலிலேயே வருகிறது. வேர்ணின் மன்னார் புத்தகத்தில் கண்ட மன்னார். அவரது சுறாவுக்குச் செட்டை நுனி கறுப்பு, நீளம் இருபத்தைந்து அடிக்கு மேல். அந்தக் கறுப்புச் செட்டைச் சுறா ஆறு அடியைத் தாண்டுவதே அரிது. "சேர், அது கடிக்க வராது, விலகிப் போகும்" என்று வள்ளத்துக்குப் போகும் பையன் ஒருவன் சொன்னான். செங்கடலில் நெட் லாண்ட் வேட்டையாடும் கடற்பசுவின் எடை ஐயாயிரம் கிலோவாம். உண்மையில் அது நானூறு கிலோ அளவில் நிற்கும் சாதுவான புல்மேயும் பிராணி. கற்பிட்டி, மன்னார்க் கடல்களில் மிக அருகிப்போய், சட்டத்தால் பாதுகாக்கப்பட்டும் இன்னும் இறைச்சிக்காகக் களவாகக் கொல்லப்படுவது.

மிகைப்படுத்தலால் விளையும் தீங்கு சிறிதல்ல. 1974இல் வெளிவந்த பீற்றர் பெஞ்ச்லியின் 'ஜோஸ்' நாவலும் மறுவருடத் திரைப்படமும் சுறா என்றாலே மனிதக்கொல்லி என்ற எண்ணத்தை உலகெங்கும் விதைத்தன. பின்னாளில் பெஞ்ச்லி அதற்காக வருந்தி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசினார். மாறாக, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க் 1957இல் எழுதிய 'த டீப் ரேஞ்ச்' நாவலிலும் இராட்சதக் கணவாய் உண்டு. ஆனால் அக்கதை இலங்கையின் பௌத்த மதகுரு ஒருவர் திமிங்கிலக் கொலைக்கு எதிராக எழுப்பும் குரலில் போய் முடிகிறது. பூதத்தைக் காட்டி மனச்சாட்சிக்கு அழைத்துச் செல்லவும் இவ்வகை நாவலால் முடியும்.

வேர்ணின் மிகப் பெரிய குறை வேறு. பேய்க்கணவாய்க்கு ஓர் அத்தியாயம் முழுதாகக் கிடைக்கிறது. முத்துக்குளிகாரனுக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. அவன் பேசுவதுமில்லை. முத்துப்பையை நடுங்கும் கையால் வாங்குகிறான், அவ்வளவுதான். முத்துக்குளிப்போரின் கண்பார்வை கெடுவதையும் உடலில் புண் வருவதையும் நீமோ பரிவோடு சொல்கிறான். பரிவு இருக்கிறது, மனிதன் இல்லை. உண்மையில் அக்கடலில் இறங்கியவர்களில் கீழக்கரை முஸ்லிம்கள் இருந்தார்கள், பரதவர் இருந்தார்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் இருந்தார்கள். சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டிக்கு ஆங்கில அரசே சம்பளம் கொடுத்தது. அரிப்பில் கடலரித்து நிற்கும் அல்லிராணிக் கோட்டை முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகை. வேர்ண் காலமான 1905ஆம் ஆண்டில்தான் மன்னார்ப் படுகைகளில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் அள்ளப்பட்டன. நமது மாவட்டத்துச் சிலாபத்துக்கு அப்பெயர் வந்ததே முத்துச் சலாபத்தால் என்பர். இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்த மனிதரின் கதையை எழுதக் கடமைப்பட்டவர் வேர்ண் அல்லர். நாம்தான்.

தேங்காய்ப்பட்டினத்து முஸ்லிம்களின் வாழ்வைத் தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யாகத் தந்தார். நெடுந்தீவுக் கரையைச் செங்கை ஆழியான் 'வாடைக்காற்'றில் கொண்டுவந்தார். கற்பிட்டி முதல் முந்தல்வரை நீளும் நம் கரைக்கு அப்படியொரு நாவல் வேண்டும். அது பையன்கள் மதிலோரம் குந்தி வாசிக்கும் நாவலாகவும் இருக்கட்டும். பூதத்துக்கா பஞ்சம்? 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரையில் குவிந்தன, ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தக் கப்பலின் பெயர் முத்து! பூதம் மனிதன் செய்தது என்று வேர்ண் அன்று எழுதியது இன்று நம் மணலில் கிடந்தது.

வகுப்பில் மன்னார் அத்தியாயத்தைச் சொன்ன அன்று எட்டாம் தரப் பிள்ளை ஒருவன் எழுந்து, "சேர், அது எங்கட அப்பாட ஊர்க் கடலா?" என்று கேட்டான். அவனுடைய குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து உடுத்த உடையோடு வந்து, முகாமில் இருந்து, பின் இங்கேயே நிலைத்தது. 2009க்குப் பின் உறவினர் பலர் திரும்பிவிட்டார்கள். அவனுடைய அப்பா போகவில்லை. ஆம், அதே கடல்தான் என்றேன். வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை 'அகதிப் பொடியன்' என்று அழைக்கப்பட்டவன் அன்று நீமோ நடந்த கடலுக்குச் சொந்தக்காரன் ஆனான். இலக்கியம் செய்யக்கூடிய காரியங்களில் இதுவும் ஒன்று என்று நம்புகிறேன்.

மறுநாள் அவன் வீட்டிலிருந்து ஒரு கேள்வியோடு வந்தான். கதையை அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவின் வாப்பா முத்துச் சலாபமொன்றில் இளவயதில் வள்ளத்தில் நின்று, இறங்கியவரின் கயிற்றைப் பிடித்தவராம். கீழே நடப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தாலும் ஆள் மௌத்து. பேய்க்கணவாயைப் பற்றியோ முத்துப்பையைப் பற்றியோ அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லையாம். பேரனிடம் அவர் கேட்டது இதைத்தான்: "கயிறு பிடிக்க ஆளில்லாமலா அந்த மனுசன் இறங்கினான்?"

வேர்ணைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனமும் இதைக் கேட்டதில்லை.