வைகையை எதிர்த்து நடந்தவள்

சிலப்பதிகாரத்தை நாம் மதுரை எரிவதோடு முடித்துவிடுகிறோம். பட்டிமன்றம், சினிமா, மெரினா சிலை எல்லாமே ஒற்றைச் சிலம்போடு நின்றுவிடும். இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. எரித்த பிறகு கண்ணகி மேற்கு வாசல் வழியாக வெளியேறி, வைகைக் கரையைப் பிடித்து நடக்கிறாள். ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் எங்கே வரும்னு தேனிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கற்பின் கதை என்றே படித்திருக்கிறோம். நாடகக் காப்பியம் என்று பெயர் வாங்கிய நூலாச்சே, யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வேறு கதை தெரியும்.

கல்யாணமான புதிதில் கோவலன் புகழ்ந்து தள்ளுகிறான். அவள் வாயே திறப்பதில்லை. மாதவியைப் பிரிந்து, சொத்தையும் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு வந்து நிற்கும்போது, சிரித்த முகத்தோடு சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்க என்கிறாள். இன்னமும் மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

புகாரிலிருந்து மதுரை வரை நடந்த நடையில்தான் இருவரும் நெருங்குகிறார்கள். மாதரி வீட்டில் அவள் சமைத்துப் போட, சாப்பிட்டு வெற்றிலையும் போட்ட பிறகு அவன் கேட்கிறான்: கூப்பிட்டதும் ஏன் கிளம்பி வந்தாய்? அப்போதுதான் அவள் மனசு திறக்கிறது. நீங்கள் செய்தது சரியில்லை, உங்க அப்பா அம்மா முன்னால் பொய்ச் சிரிப்பு சிரித்தேன், என்கிறாள். பணிவு அல்ல அது, உரிமை. காதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்து அவன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். திரும்பவில்லை.

14 நாள் கழித்து மலையில், வேங்கை நிழலில் நின்றவளைக் கோவலன் வந்து விண்ணுக்கு அழைத்துப் போகிறான். இந்தச் சொர்க்க முடிவு துன்பியலை நீர்க்கச் செய்கிறது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தச் சந்திப்பில் இருவருக்கும் ஒரு சொல்கூட இல்லை. கோவலன் உயிரோடு இருந்தபோது அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு மாதரி வீட்டோடு முடிந்துபோனது. பார்த்த குறவர்களோ உடனே குரவை ஆடி, முருகனையும் வள்ளியையும் பாடுகிறார்கள். நம்ம ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமண'த்தின் அதே ஜோடி. கூடிய காதலுக்குப் பாட்டு இருக்கிறது. கண்ணகிக்குக் கோயில்தான் கிடைத்தது.

கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயில்தான் அந்த இடம் என்று 1960-களில் சி. கோவிந்தராசனார் வாதிட்டார். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பளியன்குடி வழியாக மக்கள் ஏறுகிறார்கள். வருஷத்துக்கு ஒரே நாள். அவர்கள் மனம்விட்டுப் பேசியதும் ஒரே நாள்தான்.