விட்ட இடம் தெரிந்தால் மட்டும் போதுமா?

இணையக் கடை ஒன்றின் ஆர்டர்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. அதே விவரம் தேடல் பக்கத்துக்கும் கிடங்குக் கணக்குக்கும் உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். இதற்கு இன்று பரவலாகக் கையாளப்படும் வழி, தரவுத்தளம் தன் தேவைக்காக எழுதிவரும் மாற்றப் பதிவையே கனெக்டர் என்ற இணைப்பு நிரல் படித்து, காஃப்கா என்ற செய்தித் தளத்துக்கு அனுப்புவது. ரெட் ஹேட் நிறுவனத்தில் உருவான டெபீசியம் இவ்வகையில் பெயர்பெற்ற திறமூலக் கருவி. சர்வர் விழுந்து மீண்டும் எழும்போது அது எந்த இடத்திலிருந்து தொடர்கிறது என்பதை வைத்தே அதை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் அந்த இடம் என்பது பின்லாக் எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்பின் பெயரும் அதற்குள் உள்ள நிலையும். அல்லது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரப்படும் ஜிடிஐடி என்ற அடையாள எண். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் அது 64 பிட் அளவுள்ள லாக் வரிசை எண். டெபீசியம் வழக்கமாக இயங்கும் தளமான காஃப்கா கனெக்ட், இதை ஆஃப்செட் என்ற பெயரில் தனியொரு டாபிக்கில் சேமிக்கிறது. மாற்றி அமைக்காவிட்டால் 60 விநாடிக்கு ஒருமுறை எழுதும். மாற்றங்கள் காஃப்காவில் சேர்ந்துவிட்டன என்ற உறுதி கிடைத்த பிறகே ஆஃப்செட் எழுதப்படுகிறது. இடையில் கனெக்டர் விழுந்தால் சில மாற்றங்கள் இரண்டாம் முறை வரும், எதுவும் விடுபடாது.

இந்த வடிவமைப்பின் பெரிய பலம் இந்த வரிசைமுறைதான். டெபீசியம் அனுப்பும் செய்தியில் பொதுவாக அட்டவணை வரிசையின் முழு நிலையும் இருப்பதால், ஆர்டர் 'அனுப்பப்பட்டது' என்று இருமுறை எழுதினாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் 500 ரூபாயைக் கூட்டிக்கொண்டே போகும் நிரலுக்கு அதே இரட்டிப்பு தவறான கணக்காகிவிடும். 2022இல் வந்த காஃப்கா 3.3, செய்தியையும் ஆஃப்செட்டையும் ஒரே பரிவர்த்தனையில் எழுத வழிசெய்தது. நல்ல முன்னேற்றம். என்றாலும் அந்த உறுதி காஃப்காவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் எழுதும் நிரல் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விட்ட இடத்தைக் கனெக்டர் நினைவில் வைத்திருக்கிறது; அந்த இடத்தில் இருந்த பதிவை வைத்திருப்பதோ தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் 8.0 இயல்பாக 30 நாள் பின்லாக்கை வைத்திருக்கும். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் அதே மைஎஸ்க்யூஎல்லை எடுத்தால், காலவரம்பை நாமே குறிப்பிடாதவரை பின்லாக் கூடிய விரைவில் நீக்கப்பட்டுவிடும். சில மணி நேரம் கனெக்டர் நின்றாலே திரும்பிப் போக இடமிராது.

போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர்மாறு. அதன் ரெப்ளிகேஷன் ஸ்லாட், கனெக்டர் படித்து முடிக்காத லாக்கை நீக்க விடாது. கனெக்டர் நின்றதை யாரும் கவனிக்காவிட்டால் வட்டு நிரம்பி, தரவுத்தளமே நின்றுபோகும். கனெக்டர் ஒழுங்காக ஓடும்போதும் இது நேரலாம்: கண்காணிக்கும் தரவுத்தளத்தில் அசைவே இல்லை, அதே சர்வரிலுள்ள மற்றொன்றில் எழுத்து ஓயவில்லை என்றால், ஸ்லாட் நகராமல் லாக் குவியும். இதைத் தடுக்கவே, ஸ்லாட்டை அவ்வப்போது நகர்த்தும் ஹார்ட்பீட் வசதி இருக்கிறது. ஸ்லாட் பிடித்துவைக்கும் அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 2020இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் வந்தது. ஆனால் இயல்பு அமைப்பு இன்னும் 'வரம்பில்லை' என்பதே. வரம்பு வைத்தால் தரவுத்தளம் பிழைக்கும், ஸ்லாட் செல்லாததாகும்.

முதன்மை சர்வர் மாறும்போதும் இதே சிக்கல். மைஎஸ்க்யூஎல்லில் கோப்புப் பெயரும் நிலையும் புதிய சர்வரில் பொருந்தா, ஜிடிஐடி பொருந்தும். போஸ்ட்கிரெஸ்ஸில் லாஜிக்கல் ஸ்லாட்டை மாற்று சர்வரோடு ஒத்திசைக்கும் வசதி 2024இல், 17ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

பதிவு தொலைந்தபின் செய்யக்கூடியது, அட்டவணையை முழுதாக மறுபடி படிப்பது. முதல் முழு வாசிப்பு பாதியில் நின்றால் டெபீசியம் அதை ஆரம்பத்திலிருந்தே தொடங்கும். பெரிய அட்டவணைகளுக்கு இது கடும் சுமை. நெட்ஃபிளிக்ஸின் டிபிலாக் முறையைத் தழுவி 2021இல் வந்த படிப்படியான வாசிப்பு, இயல்பாக 1024 வரிசைகள் கொண்ட துண்டுகளாகப் படித்து, நின்ற துண்டிலிருந்து தொடர்கிறது. அருமையான தீர்வு. ஆனால் எந்த மறுவாசிப்பும் இருக்கும் வரிசைகளைத்தான் காட்டும். இடைவெளியில் நீக்கப்பட்டவை பற்றி ஒரு செய்தியும் வராது. ரத்தாகி நீக்கப்பட்ட ஆர்டர் மறுமுனையில் உயிரோடு இருக்கும், பிழைச்செய்தி எதுவுமின்றி.

அதனால், தேவைப்பட்டால் தானாக மறுவாசிப்பு செய்யும் அமைப்பைவிட, இடம் தொலைந்ததும் பிழை காட்டி நின்றுவிடும் அமைப்பே மேல். டெபீசியத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் குழுக்கள், பதிவை வைத்திருக்கும் காலத்தைத் தங்கள் நீண்ட விடுமுறையைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு எச்சரிக்கை மணி அமைக்க வேண்டும். சோதனைச் சூழலில் கனெக்டரை நிறுத்தி, ஒரு வரிசையை நீக்கி, பதிவையும் அழித்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். அந்த வரிசை மறுமுனையில் இன்னும் இருந்தால், அதை நீக்கும் வழியை எழுதி முடித்த பிறகே நேரடிப் பயன்பாட்டுக்குப் போங்கள்.