பாபெத்தின் விருந்து

கிறித்தவம் உலக இன்பங்களைத் துய்க்கச் சொல்கிறதா, துறக்கச் சொல்கிறதா என்ற வினா எழும்போதெல்லாம் தமிழ் கற்றோர் மனத்தில் முதலில் தோன்றுவது பனியனின் யாத்திரிகனே. 1678ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை அளித்தார். உலகம் கடந்து போகவேண்டிய வழி. அதன் சந்தை மாயச் சந்தை. நின்று சுவைப்பவன் வழி தவறுவான். பல்கலைக்கழகத்தில் அக்காப்பியத்தைப் பயின்ற நாளில் இதற்கப்பால் நானும் சிந்தித்ததில்லை. இச்சித்திரத்துக்கு மறுபுறத்தைக் காட்டும் சிறுகதையொன்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

டென்மார்க் நாட்டவரான கேரன் பிளிக்சன், ஐசக் டினேசன் என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதி, 1950இல் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட ‘பாபெத்தின் விருந்து’ என்பதே அக்கதை. 1987இல் கேப்ரியல் அக்செல் அதனைத் திரைப்படமாக்கினார். மறுஆண்டு அதற்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

கதை நிகழும் இடம் நோர்வேயின் வடகோடியிலுள்ள கடலோரச் சிற்றூர். கடும் ஒழுக்கங்கொண்ட ஒரு சபையை நிறுவிய போதகர் இறந்துவிட்டார். அவருடைய புதல்வியர் இருவர், லூதர், மெலாங்தன் என்னும் சீர்திருத்தவாதிகளின் பெயர்களைத் தாங்கியவர்கள், மணஞ்செய்யாது முதுமை எய்தி, எஞ்சிய அடியார்களைப் பேணி வாழ்கின்றனர். உப்பிட்டு உலர்த்திய மீனும் ரொட்டியை ஊறவைத்துக் காய்ச்சிய கூழுமே அவர்களுடைய உணவு. 1871இல் பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டபின், கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெத் என்பவள் அவ்வீட்டில் அடைக்கலம் புகுகின்றாள். பத்தாண்டுகளுக்கு மேலாகச் சம்பளமின்றி அக்கூழையே காய்ச்சுகின்றாள். பின்னர் அதிர்ஷ்டச் சீட்டில் பத்தாயிரம் பிராங்கு விழுகின்றது. போதகரின் நூற்றாண்டு நினைவு நாளில் பன்னிருவருக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கின்றாள்.

சமையலறைக்கு உயிருள்ள ஆமையொன்று வந்து சேர்ந்ததைக் கண்டு மூத்த சகோதரி நடுங்குவதும், ‘எதை உண்டாலும் உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசோம்’ என அடியார்கள் உறுதி பூணுவதும் நகைச்சுவை மிக்க பகுதிகள். ஆனால் அது வெறும் நகையன்று. உணவை மருந்துபோலவே கொள்ளவேண்டும் என்று கருதியவர் அகுஸ்தீன் முனிவர். பசி தீர்வதற்கும் சுவைக்கு அடிமையாவதற்கும் இடையிலுள்ள எல்லை தமக்கே புலப்படவில்லை என வருந்தி எழுதியவரும் அவரே. நாவைப் பகையாகக் கருதும் அந்த மரபின் கடைசிக் குழந்தைகளே இக்கிழவர்கள்.

அம்மரபு வேதாகமத்தில் எவ்வளவுக்கு வேர் கொண்டது? கானா ஊரிலே ஒரு கலியாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்தபோது, இயேசு ஆறு கற்சாடித் தண்ணீரை இரசமாக்கினார் என்கிறது யோவான் சுவிசேஷம். அவருடைய பகைவர் அவரைப் போசனப்பிரியர், குடியர் என ஏசியதை மத்தேயு மறைக்கவில்லை. மனிதன் தன் உழைப்பின் பயனை உண்டு குடித்து மகிழ்வது தேவனின் கொடை என்று பிரசங்கி கூறுகிறான். விவாகத்தையும் உணவையும் விலக்கச் சொல்வோரைத் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் பொய்ப் போதகர் வரிசையிற் சேர்க்கிறது. சிலுவையைச் சுமந்து பின்வரச் சொன்னவரும் அதே இயேசுவே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், சுவைப்பதே பாவம் என்ற கொள்கையை அந்நூல்களில் தேடிக் காண்பது எளிதன்று.

விருந்து நடக்கின்றது. பேசாவிரதம் பூண்டவர்கள் தம்மையறியாமலே இளகுகின்றனர். வஞ்சித்தவனும் வஞ்சிக்கப்பட்டவனும் சிரித்துக்கொள்கின்றனர். ஒருவரையொருவர் புறங்கூறிய கிழவிகள் இளமையை நினைவுகூர்கின்றனர். போதகரின் பிரசங்கங்களால் ஆகாதது ஆமை ரசத்தாலும் பழைய திராட்சரசத்தாலும் ஆகிறது. இதனால்தான் கிறித்தவ விமரிசகர் பலர் இக்கதையைத் திருவிருந்தின் உருவகமாகக் கொண்டாடுகின்றனர். பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் மடலிலும், பிறரை மகிழ்விப்பதிலுள்ள இன்பத்துக்குச் சான்றாக இத்திரைப்படத்தைக் குறிப்பிட்டார். அவ்வாசிப்பில் உண்மை உண்டு. ஆயின் அவ்வாசிப்பு சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடுகிறது; சமையலறைக் கதவை அது திறப்பதில்லை.

விருந்தினருள் உணவின் அருமையை அறிந்தவர் தளபதி ஒருவரே. முன்னொருகால் பாரிஸிலே கஃபே ஆங்கிலே என்னும் உணவகத்தில் இதே பண்டத்தை உண்டது அவருக்கு நினைவு வருகிறது; அங்குச் சமைத்த பெண்ணை அன்று புகழ்ந்தவர் கலிஃபே என்ற படை அதிகாரி. கலிஃபே கற்பனைப் பாத்திரமன்று; 1871இல் கம்யூன் மக்களைக் கொன்று குவித்ததாற் பெயர் பெற்றவர். அரண்மீது நின்று துப்பாக்கிக்குக் குண்டு திணித்த பாபெத், விருந்து முடிந்தபின் அம்மனிதர்களுக்காகவும் அழுகிறாள். அவர்கள் கொடியவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் அவளுடைய கலையைச் சுவைக்கப் பழகியவர்கள் அவர்களே.

இவ்விடத்தில் பிளிக்சன் சீமாட்டியின் வர்க்கப் பார்வை வெளிப்படுகிறது என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். நம்முடைய இதழ்களில் அத்தகைய தீர்ப்புகள் மலிந்தே கிடக்கின்றன. பல்சாக் முடியாட்சி ஆதரவாளராயிருந்தும் தம் சார்புகளையும் மீறி உண்மையைக் காட்டினார் என 1888ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எங்கெல்ஸ் எழுதியதை நினைவிற் கொள்வோர் அவ்வாறு அவசரப்படார். தன் மக்களைச் சுட்டவர்களுக்கே தன் கைத்திறன் சொந்தமாயிருந்தது என்ற பாபெத்தின் கண்ணீரைவிட, இன்பம் ஒரு வர்க்கத்தின் உடைமையாக்கப்பட்டதன் கொடுமையை எந்தப் பிரசாரக் கதை காட்டியிருக்கிறது?

கொரிந்து சபையாருக்கு எழுதுகையில் பவுல் கொண்ட சினமும் இதனோடு தொடர்புடையதே. திருவிருந்துக்குக் கூடும்போது ஒருவன் பசித்திருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்பதே அவர் குற்றச்சாட்டு. உண்பதை அவர் கண்டிக்கவில்லை; பகிராது உண்பதையே கண்டித்தார். கூலியைப் பிடித்துவைத்துச் சுகபோகமாய் வாழ்ந்த செல்வரை யாக்கோபு சாடுவதும், வீடு கட்டியவனே அதில் குடியிருப்பான், தோட்டம் நாட்டியவனே அதன் கனியை உண்பான் என ஏசாயா புதிய பூமியைக் காண்பதும் இந்த நோக்கிலேதான். துறவை ஏழைகளுக்கும் துய்ப்பைச் செல்வர்க்கும் பங்கிட்டுக் கொடுத்த திருச்சபைகளின் வரலாறு வேறு, அவ்வசனங்கள் வேறு.

கதையில் எளிதிற் கண்ணிற்படாத ஒரு செய்தி உண்டு. பாபெத் அவ்வீட்டுக்கு வந்தபின், சகோதரியர் நோயாளிகளுக்கும் வறியோருக்கும் அனுப்பிய ரசத்துக்குப் புதியதொரு வலிமை உண்டாயிற்று. வீட்டுச் செலவோ குறைந்தது. தளபதியின் நாவுக்கு எட்டாத விருந்து அது. பத்தாயிரம் பிராங்கும் ஒரே இரவிற் கரைந்த பெருவிருந்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஆசிரியர், ஆண்டுக்கணக்காக நடந்த இவ்விருந்துக்குச் சில வரிகளே ஒதுக்கியது என்னளவில் கதையின் பெருங்குறை.

இறுதியில், கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே களைத்து அமர்ந்திருக்கும் பாபெத்தை இளைய சகோதரி அணைத்துக்கொள்கிறாள். இறைவன் கருதிய பெருங்கலைஞியாகப் பரலோகத்தில் நீ திகழ்வாய் என ஆறுதல் கூறுகிறாள். அணைக்கப்பட்ட உடலோ சலவைக்கல்போற் குளிர்ந்திருக்கிறது.