கண்மாய் எங்கன இருக்கு?

கோவில்பட்டி ஓரத்துக் கண்மாய்க் கரையில் நான் எடுத்த படத்தை, ஊர்வாரியாகப் படங்களை அடுக்கித் தரும் ஒரு மென்பொருள் பனாமா நாட்டுக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தது. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விடமுடியவில்லை.

கைபேசிப் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு ஒளிந்திருக்கிறது. அதில் இடம் என்பது எண். கிழக்கா மேற்கா என்பது தனியே ஓர் எழுத்து. கோவில்பட்டி வடக்கு 9 டிகிரி 10 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 52 நிமிடம். கிழக்கை மேற்காக வாசித்தால் குனா பழங்குடிகளின் கரை (1925இல் பனாமா அரசை எதிர்த்து எழுந்தவர்கள், நம்மாட்கள் போய்ச்சேர மோசமான இடமில்லை). நிமிடத்தைத் தசமமாக்கி 9.10, 77.52 என்று வாசித்தால் சங்கரன்கோவில் பக்கம், 40 கிலோமீட்டருக்குள். ஆபத்து இந்த இரண்டாவதில்தான். பனாமாவை யாரும் நம்பமாட்டார்கள், சங்கரன்கோவிலை நம்பிவிடுவார்கள்.

நம்புகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நூறு நாள் வேலைக்கு 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவுக்கு அது கட்டாயம்: நாளுக்கு இரண்டு முறை இடக்குறியோடு படம். படம் ஏறவில்லையென்றால் கூலி தொங்கல். அதை எதிர்த்து அந்த ஆண்டே டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள். ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னது.

இதில் எண் பொய் சொல்லவில்லை. அது சொல்வது கைபேசி நின்ற இடத்தை மட்டும்தான். படத்தைப் படமெடுத்தாலும் இடக்குறி சரியாகவே விழும். குறியை உழைப்புக்குச் சாட்சியாக வாசித்தது அலுவலகம். (நாம் மட்டும் என்னவாம்? எழுதியவர் பிறந்த ஊரைப் பார்த்துக் கதைக்குக் 'கரிசல்' முத்திரை குத்துகிற விமர்சனமும் கைபேசி நின்ற இடத்தைத்தான் வாசிக்கிறது.)

கண்மாயில் மண் வெட்டிய அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "செல்லு எங்கன நின்னுச்சுன்னுதான் பாக்காக. வெட்டுன குழி அங்கனயேதான கெடக்கு, அதை வந்து பாத்தா ஆகாதா?" என்றார்.

அந்த எழுத்தைத் திருத்த எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. என் படம், என் கணினி. பணித்தளத்துப் படத்தைத் திறந்து பார்த்து, தப்பாக விழுந்திருக்கிறது என்று திருத்தச் சொல்ல அந்த அக்காவுக்கு எந்தக் கதவு இருந்தது?