ஜோடி மாநிலமும் விடுதி வார்டனும்

ஒன்றிய அரசு 2015 அக்டோபர் 31 அன்று, வல்லபபாய் படேலின் 140ஆவது பிறந்த நாளில், 'ஏக் பாரத் ஷ்ரேஷ்ட பாரத்' திட்டத்தை அறிவித்தது. மாநிலங்களை ஜோடி சேர்த்ததில் தமிழ்நாட்டுக்கு வாய்த்தது ஜம்மு காஷ்மீர். கல்லூரிகளில் இதற்கென்று மன்றம் தொடங்கினார்கள். ஒரு பேராசிரியர் ஒருங்கிணைப்பாளர் ஆனார். காஷ்மீரி நடனம், உணவு விழா, வினாடி வினா என்று நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. வேறு பண்பாட்டில் வளர்ந்தவரோடு பழகும் திறன் இதனால் வளர்ந்ததா?

கொஞ்சம் வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காஷ்மீர் என்றாலே பனியும் துப்பாக்கியும்தான் என்று சினிமா பழக்கிவிட்ட ஊர் நம்முடையது. ஜம்முக்காரர் பலருக்குத் தாய்மொழி டோக்ரி, அது 2003இல் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது என்பதை ஒரு வினாடி வினாவுக்காகவாவது நம் மாணவர் படிக்கிறார். காஷ்மீர் பண்டிதர்கள் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் ஆட்டுக்கறி சமைப்பார்கள் என்பது உணவு விழாவில் தெரியவருகிறது. பிராமணர் என்றால் சைவம் என்றே வளர்ந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. வடக்கிலிருந்து வருகிற எல்லாருக்கும் இந்திதான் தாய்மொழி என்ற நம்மூர் நினைப்பும் அங்கே ஆட்டம் காண்கிறது.

ஆனால் தகவல் வேறு, பழக்கம் வேறு. இரு பிரிவினர் பழகினால் வெறுப்பு குறையும் என்ற கருத்துக்கு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே நிபந்தனைகள் விதித்தார்: இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், கூடி உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும். கடைசி நிபந்தனை நம்மிடம் தாராளமாகவே நிறைவேறுகிறது, சுற்றறிக்கைக்கா பஞ்சம்! மற்ற மூன்றும் மேடையில் நடக்காது. அங்கே ஒருவர் ஆடுவார், மற்றவர் கைதட்டுவார். நாலு மாதம் ஒரே புராஜெக்டில் மாட்டிக்கொண்டு சண்டை போட்டுச் சமாதானமாகும் இருவர் கற்றுக்கொள்வதில் பாதிகூட அந்தக் கைதட்டலில் வராது.

இதில் விசித்திரம், நிஜமான காஷ்மீர் மாணவர்கள் ஏற்கெனவே வெளிமாநிலக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்பதுதான். ரங்கராஜன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2011இல் தொடங்கிய பிரதமரின் சிறப்பு உதவித்தொகைத் திட்டம், ஆண்டுக்கு 5,000 பேர் வரை ஜம்மு காஷ்மீருக்கு வெளியே படிக்க உதவுகிறது. அப்படி வந்த மாணவருக்கு 2019 ஆகஸ்டில் வீட்டோடு பேச வழியில்லாமல் போயிற்று, காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, எல்லாரும் ஊர் திரும்பினார்கள், வகுப்புகள் இணையத்துக்குப் போயின. காஷ்மீரின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2021 பிப்ரவரி வரை கைபேசி இணையத்தில் 2ஜி வேகம் மட்டுமே கிடைத்தது. அதில் வீடியோ வகுப்பு ஓடாது. ஜோடி மாநிலத்தைப் பற்றிக் கற்றது உதவ வேண்டிய நேரம் அது: இந்தப் பையன் ஏன் திரையில் தெரியவில்லை என்று ஒரு துறைத் தலைவருக்காவது உடனே உறைக்க வேண்டியிருந்தது. அதற்குக் காஷ்மீரி நடனம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இங்கேதான் ஜோடி மாநிலத் திட்டத்தின் பெரிய ஓட்டை. அதன் கண் மாணவர்மேலேயே இருக்கிறது. வெளியூர் மாணவரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவர்களோ வார்டன், மெஸ் பொறுப்பாளர், கட்டணக் கவுன்ட்டரில் இருப்பவர், காவலாளி. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பாடு கிடைக்குமா, உதவித்தொகை தாமதமானால் ஹால் டிக்கெட் கிடைக்குமா என்பதெல்லாம் இவர்கள் கையில். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வெளியிட்ட 'தீக்ஷாரம்ப்' புதுமுக வழிகாட்டி மாணவரைப் பற்றிப் பேசுகிறது, 'குரு தக்ஷ்தா' ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரை நினைத்து எழுதியது எது?

பணியாளரிடம் கேட்டால், "நாங்கள் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்பார்கள். மனதாரச் சொல்வதுதான், பொய்யில்லை. பண்பாட்டு வேறுபாட்டை ஒருவர் எதிர்கொள்ளும் விதத்துக்கு மில்டன் பென்னட் 1986இல் முன்வைத்த படிநிலைகளில் இந்த மனநிலைக்கு மூன்றாவது இடம். வேறுபாட்டையே காணாதிருப்பதும், கண்டு மிரண்டு தற்காப்பில் இறங்குவதும் அதற்குக் கீழே. உள்ளே எல்லாரும் ஒன்றுதான் என்று வேறுபாட்டைச் சிறிதாக்கிவிடுவது மூன்றாவது. ஏற்பு, தகவமைப்பு, ஒருங்கிணைவு ஆகிய மூன்றும் அதற்கு மேலே இருக்கின்றன. மனிதர் இப்படி வரிசையாகப் படியேறுவார் என்பதை நான் நம்பவில்லை. சாப்பாட்டில் தாராளமாக இருப்பவர் மதம் என்று வந்ததும் இறுகிப்போவதைப் பார்க்கிறோம். ஆனாலும் பென்னட் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: 'எல்லாரும் ஒன்று' என்பது பாதி வழிதான். நம் திட்டம் அதையே ஊர் வந்துவிட்டதாக எண்ணி இறங்கிவிடுகிறது. 75 விழுக்காடு வருகைப்பதிவு என்ற விதியை 2ஜிக்காரருக்கும் ஃபைபர்காரருக்கும் ஒன்றுபோல் நீட்டுவதும் இந்தப் பாதிவழிச் சமத்துவம்தான்.

நிர்வாகங்கள் இப்படி நடப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவின் ஏழாவது அளவுகோலில், மொழி, வட்டார, மத வேறுபாடுகளுக்கிடையே நல்லிணக்கம் வளர்க்கக் கல்லூரி என்ன செய்தது என்று எழுதித் தர வேண்டும். அதற்கு விழாப் புகைப்படம் கச்சிதமாகப் பொருந்தும். நோன்பு மாதத்தில் மெஸ் எத்தனை மணிக்குத் திறந்தது, உதவித்தொகைக்குக் காத்திருந்தவரில் எத்தனை பேர் தேர்வு எழுத முடிந்தது என்பதற்குப் புகைப்படம் கிடையாது, பதிவேடு வேண்டும். வெளிமாநில மாணவரிடமே அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. உணவு விழாவை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு வார்டனின் பயிற்சிக்குப் போகட்டும்.